ஒரு வட்டிக் கணக்கும் மூன்று துறைகளும்: இறையியல் முதுநிலையில் எதை எடுப்பது?

இறையியல் கல்லூரியில் அடிப்படைப் பட்டத்தை முடித்தவர், முதுநிலையில் திருச்சபை வரலாறு, கிறிஸ்தவ மெய்யியல், கிறிஸ்தவ அறநெறி ஆகியவற்றுள் ஒன்றைச் சிறப்புப் பாடமாக எடுக்க நேரும்போது, பெரும்பாலும் பாடத்திட்டக் கையேட்டைப் புரட்டியே முடிவு செய்கிறார். கையேட்டிலோ மூன்றும் ஒரே சாயலில் தெரியும். மூன்றிலும் பழங்கால இறையியலாளர் அகுஸ்தீன் இருப்பார், இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இருப்பார். மூன்றின் முடிவிலும் ஓர் ஆய்வேடு காத்திருக்கும். வேறுபாடு விளங்க வேண்டுமானால், ஒரே பொருளை மூன்று துறையாரிடமும் கொடுத்து, அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு வட்டியைப் போல வாகான பொருள் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

வரலாற்று மாணவர் 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா திருச்சங்கத்திலிருந்து தொடங்குவார். அச்சங்கத்தின் 17ஆம் விதி, வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்கிறது. வட்டிக்குப் பணம் கொடாதவனைப் போற்றும் சங்கீத அடியை மேற்கோள் காட்டி, மாதம் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் குறிப்பிடுகிறது. இந்தச் சிறிய பத்தியில் அவர் கண்ணில் முதலில் படுவது, தடை குருமாருக்கு மட்டுமே என்பதும், குருமாரில் சிலர் அப்போது கடன் கொடுத்து வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும்தான். 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தையே மறுத்தது. 1311–12இல் கூடிய வியன் சங்கம், வட்டி பாவமன்று என்று பிடிவாதமாகச் சாதிப்பவரைத் திரிபுக் கொள்கையினராகவே தண்டிக்கச் சொன்னது. தண்டனை ஏறிக்கொண்டே போவதைக் கண்டதும் வரலாற்று மாணவர், விதி எந்த அளவுக்குக் கைக்கொள்ளப்பட்டது, எந்த ஊர்ப் பதிவேட்டில் அதற்குச் சான்று இருக்கிறது என்று தேடப் புறப்படுவார். அந்தத் தேடலுக்கு லத்தீன் வேண்டும். தொடக்கத் திருச்சபை என்றால் கிரேக்கமும் வேண்டும். பிற்கால ஆய்வுகளைப் படிக்க ஜெர்மனோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குரு மீஞ் பதிப்பித்த லத்தீன் திருச்சபைத் தந்தையர் வரிசை மட்டுமே 221 தொகுதிகள். மொழி கற்கும் பொறுமை இல்லாதவர், கதைகள் மீது எவ்வளவு ஆசை இருந்தாலும், இத்துறையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மெய்யியல் மாணவருக்கு இந்த ஆண்டுகள் எல்லாம் அடிக்குறிப்புக்கு உரியவை. அவர் போய் நிற்கும் இடம், அக்குவினாஸ் வட்டிக்கு எதிராக வைக்கும் வாதம். வீட்டின் பயன்பாட்டை வீட்டிலிருந்து பிரிக்கலாம். ஆகவே வீட்டை வைத்துக்கொண்டே குடியிருக்கும் உரிமைக்கு வாடகை வாங்கலாம். திராட்சை இரசத்தையோ குடித்துத் தீர்ப்பதுதான் பயன்பாடு. இரசத்துக்கு ஒரு விலையும் குடிப்பதற்கு இன்னொரு விலையும் கேட்பவர், இல்லாத ஒன்றை விற்கிறார். பணமும் செலவழித்தால் தீர்ந்துபோகும் பொருள்தான். ஆகவே அசலுக்கு மேல் கேட்பது அநீதி. வாதத்தின் வடிவத்தில் ஓட்டை இல்லை. ஆனால் பணம் உண்மையிலேயே இரசத்தைப் போன்றதா? மெய்யியல் வகுப்பில் ஒரு பருவம் முழுவதையும் இந்த ஒரு முன்கோளில், அதாவது வாதம் ஊன்றி நிற்கும் இந்தக் கூற்றில், கழிக்கலாம். கிரேக்கத்தில் வட்டிக்கும் ஈன்ற குட்டிக்கும் டோகோஸ் என்ற ஒரே சொல்தான். பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு மாறானது என்ற அரிஸ்டாட்டிலின் வாதம் அச்சொல்லின் மீதே நிற்கிறது. வட்டி குட்டி போடும் என்று நாமும் சொல்கிறோம். பெட்டிக்குள் கிடக்கும் காசு ஈனாது என்பது சரிதான், அதைக் கொண்டு வாங்கிய நிலம் விளைச்சல் தருகிறதே என்று பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதி கால்வின் இதற்கு மறுமொழி கூறினார். இப்படி ஒரு வாதத்தைப் பிரித்து மாட்டுவதில் இன்பம் காண்பவருக்கே இத்துறை ஒத்துவரும். கடவுளின் இருப்பு, தீமையின் புதிர் போன்ற பெரிய தலைப்புகளிலும் அன்றாட வேலை இதே வகைதான். துறைக்குக் கிடைக்கும் இடம் மட்டும் மரபுக்கு மரபு மாறும்: 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் குருத்துவப் பயிற்சியில் மெய்யியலுக்கு இரண்டு முழு ஆண்டுகளை ஒதுக்கச் சொல்கிறது, சீர்திருத்த மரபுக் கல்லூரிகள் பலவற்றில் அது விருப்பப் பாடமாக ஒதுங்கிவிடுகிறது.

அறநெறி எளிது என்றொரு எண்ணம் மாணவரிடையே உண்டு. கருத்துச் சொல்ல எல்லாராலும் முடியும் என்பதால் வந்த எண்ணம் அது. என் கணிப்பில் மூன்றிலும் கடினமானது அதுதான், ஏனெனில் அறநெறி மாணவர் கடைசியில் ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். மருத்துவச் செலவுக்காக அவசரக் கடன் வாங்கும் ஏழைக்கும், தொழிலை விரிவாக்கக் கடன் வாங்கும் நிறுவனத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா? விவிலியத்தின் யாத்திராகமம் 22:25 ஏழைக்குக் கொடுத்த கடனைப் பற்றியே பேசுகிறது. உபாகமம் 23 சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுத்து, அந்நியனிடம் வாங்க அனுமதிக்கிறது. இந்த வசனங்களைச் சரியாகப் படிக்க, நூற்பொருள் காணும் முறையான விளக்கவியல் வேண்டும், கடனில் இழப்பு யார் தலையில் விழுகிறது என்று காணப் பொருளியல் வேண்டும், அநீதி என்ற சொல்லை அளந்து பயன்படுத்த மெய்யியல் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆய்வேடு நீண்ட பிரசங்கமாகிவிடும்.

அறநெறிதான் வேண்டும், ஆனால் உறுதியில்லை என்பவரை நான் முதலில் வரலாற்றுப் பக்கமே அனுப்புவேன். 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகளால் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர், அறநெறி பற்றிய நூலை முடிக்காமலே போனார். அவருடைய நண்பர் பெத்கே கைப்பிரதிகளைத் தொகுத்து 1949இல் வெளியிட்டார். எந்த இயல் முந்தியது, எது பிந்தியது என்பதில் பிற்காலப் பதிப்புகள் வரிசையை மாற்றின. வரிசை மாறினால் அவருடைய வாதம் செல்லும் திசையும் மாறித் தோன்றும். அதைத் தீர்க்கத் தாளையும் மையையும் காலத்தையும் பார்க்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார். மெய்யியலில் ஏற்கெனவே பயிற்சி உள்ளவருக்கு மட்டும் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அவர் நேரே அறநெறிக்குப் போகலாம்.

ஆய்வுத் தலைப்பை வரையறுக்கும் நாளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். வட்டியையே எடுத்துக்கொண்டால், வரலாற்று மாணவரிடம் வழிகாட்டி கேட்கப்போவது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பது. மெய்யியல் மாணவரிடம் கேட்கப்போவது எந்த வாதத்தின் எந்த முன்கோள் என்பது. அறநெறி மாணவரிடமோ, எந்தக் கடன், யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பது.