பவர் கண்டிஷனர் விற்க வருகிறவர் மீட்டரை எடுத்தால் உஷார்

ஆடியோ செட்டில் இரைச்சல் வருகிறது என்று வாயைத் திறந்தால் போதும், "கரன்ட் சுத்தமா இல்ல சார்" என்று ஒருவர் பவர் கண்டிஷனரை, அதாவது கரன்டில் இருக்கும் இரைச்சலை வடிகட்டும் என்று சொல்லும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். என் வீட்டுக்கும் வந்தார். பெயரும் பிராண்டும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே சரக்கை வேறு வேறு பெயரில் விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், விற்கும் முறைதான் ஒன்று.

என் செட்டில் இருந்தவை இரண்டு தனித்தனித் தொல்லைகள். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஸ்பீக்கரில் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஹம் ஒன்று. சாயங்காலம் விளக்குப் போட்டதும் தொடங்கும் கரகரப்பு இன்னொன்று, அதற்கு நடுவே சில நேரம் யாரோ ரேடியோவில் பேசுகிற முணுமுணுப்பும் கேட்கும். வந்தவர் இரண்டையும் காது கொடுத்துக் கேட்கக்கூட இல்லை. பையிலிருந்து உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றை எடுத்துச் சுவர் சாக்கெட்டில் செருகினார். அதற்குள்ளேயே குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. கொர்ரென்று கத்தியது, திரையில் எண் எகிறியது. அப்புறம் தன் பெட்டியைச் சாக்கெட்டில் மாட்டி, மீட்டரைப் பெட்டியில் செருகினார். கப்சிப். "பாத்தீங்களா சார், இதுக்கு மேல என்ன வேணும்?"

அந்த மீட்டர் காட்டுவது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருக்கும் உயர் அதிர்வெண் இரைச்சலை மட்டும். இரண்டுக்கும் குறுக்கே, இந்த இரைச்சலை விழுங்கும் சாதாரண எக்ஸ் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தாலே எண் சரிந்துவிடும். ஆனால் நம் ஸ்பீக்கரில் கேட்கிற சத்தம் அந்த வழியாகத்தான் வருகிறதா என்பது அந்த எண்ணில் தெரியாது, தெரியவும் வராது. மீட்டர் கத்துவதைக் கேட்கச் சொன்னவர், பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை ஆம்பை ஓட்டிக் காட்டவே இல்லை. "செட் ஆக ஒரு வாரம் ஆகும்" என்றார். பெட்டியின் விலை ஆம்ப்ளிஃபயர் விலையில் பாதி. நம்பி வாங்கி மாட்டினேன்.

ஹம் போகவில்லை, இன்னும் கொஞ்சம் கூடியது. கரகரப்பும் முணுமுணுப்பும் அப்படியே. போன் செய்தால் முதலில் "ஓடட்டும் சார், பழகிடும்", பிறகு "உங்க பவர் கேபிள் மட்டம், அதையும் மாத்தணும்", அதற்கும் ஒரு விலை. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும் போன் எடுப்பது நின்றுவிட்டது.

ஒரு நாள் டிவியின் பின்னால் இருந்த கேபிள் டிவி ஒயரைக் கழற்றியபோது ஹம் சட்டென்று நின்றது. சந்தோஷமாக ஆம்பின் உலோக மூடியில் கை வைத்தால் சுர்ரென்று ஷாக். மல்டிமீட்டரில் பார்த்தால், மூடிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மெயின் வோல்டேஜில் கிட்டத்தட்ட பாதி. எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. எர்த் துளை இருக்கிறது, அதன் பின்னால் ஒயர் இல்லை. இப்படிப்பட்ட பெட்டிகளில் ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என்று ஒய் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் உண்மையாகவே இருந்தால் அவை இரைச்சலை மண்ணுக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு மின்சாரம் செட்டின் உடம்பில் ஏறிக்கொண்டு, ஆம்பிலிருந்து டிவிக்குப் போகும் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை), அங்கிருந்து கேபிள் டிவி ஒயரின் ஷீல்டு என்று கிடைத்த வழியில் தரைக்குப் போகும். ஆடியோ சிக்னல் போகிற அதே ஷீல்டில் ஓடுவதால்தான் அது ஹம்மாகக் கேட்கிறது. அதாவது பெட்டி தொல்லையைக் கூட்டத்தான் செய்திருக்கிறது. மீட்டரோடு வந்தவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஆனால் தெரிந்திருந்தால் பெட்டி விற்றிருக்காது.

எர்த் ஒயர் இழுத்தாயிற்று, கேபிள் டிவி ஒயரில் சிக்னலை விட்டுவிட்டு ஷீல்டில் ஓடும் கசிவை மட்டும் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சின்ன உருளை ஒன்றைச் சேர்த்தாயிற்று. ஹம் சுத்தமாகப் போய்விட்டது. (சிலர் ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடச் சொல்வார்கள். செட்டுக்குள் ஒரு ஒயர் விட்டுப்போய் மூடியில் பட்டால் ஆள் காலி. செய்யவே செய்யாதீர்கள்.)

கரகரப்புக்கு வருகிறேன். வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். சத்தமும் கூடவே குறைந்தால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால், இன்புட் கேபிள் பக்கத்தில் நுழைகிறது. குறையவில்லை என்றால் அதற்குப் பின்னால். என் வீட்டில் பூஜ்யத்தில் வைத்தாலும் கேட்டது. நீளமான ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனாவாக நின்று ரேடியோ அலையைப் பிடித்து, அவுட்புட் வழியாகவே ஆம்புக்குள் திருப்பி அனுப்புகிறது; உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் அதை ரேடியோ மாதிரி டிடெக்ட் செய்து பேச்சாக்கிவிடுகிறது. இதில் மெயின் லைனுக்கு வேலையே இல்லை, அந்த லைனில் தங்கத்தில் ஃபில்டர் செய்து போட்டாலும் ரேடியோக்காரர் பேசிக்கொண்டுதான் இருப்பார். ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையம் ஒன்றை வாங்கி, ஆம்புக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு இழைகளையும் சேர்த்து அதில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினேன். சுற்று இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும், அதனால் ஒரே தடவை நுழைத்து மாட்டும் ஃபெரைட் கிளிப்பில் ஏஎம் அலைவரிசைக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. கரகரப்புக்குக் காரணம் ஒரு எல்இடி விளக்கின் டிரைவர், அதாவது அதற்குள் கரன்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட். பேட்டரியில் ஓடும் ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, விளக்கு, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே நடந்தால் குற்றவாளி தானாக மாட்டும். விளக்கை மாற்றினேன், முடிந்தது.

பெட்டி வாங்கிய பிறகு, எர்த் ஒயர் இழுப்பதற்கு முன்பே, இடி இடித்த ஒரு ராத்திரி ஆம்பும் டிவியும் போயிருந்தன. பெட்டியில் "பாதுகாப்பு" என்ற பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ரிப்பேர் செய்பவர் பெட்டியைத் திறந்து காட்டினார். வோல்டேஜ் திடீரென எகிறினால் (அதுதான் சர்ஜ்) அதைத் தாங்கிக்கொள்ளும் நீல நிற வட்டு வேரிஸ்டர் மூன்று, மஞ்சள் எக்ஸ் கெப்பாசிட்டர் ஒன்று, ஒய் கெப்பாசிட்டர் இரண்டு, ஒரு ஃபியூஸ், அப்புறம் கனம் வருவதற்காக அடியில் ஸ்குரூ போட்டு இறுக்கிய இரும்புத் தகடு. வேரிஸ்டர் ஒன்று கருகி வெடித்திருந்தது. பச்சை விளக்கு நேராக மெயினில் இணைக்கப்பட்டிருந்ததால் கரன்ட் இருக்கும்வரை அது எரியும், வேரிஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மூன்றில் இரண்டு எர்த்துக்குப் போகிறவை, எர்த் இல்லாத சாக்கெட்டில் அவை சும்மா உட்கார்ந்திருந்தன. கேபிள் டிவி ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை: வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை.

"இதில் மாட்டிய பொருளுக்கும் உத்தரவாதம்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள் இல்லையா, அதைக் கேட்டேன். செட்டுக்குள் வருகிற எல்லா ஒயரும், ஆன்டெனா ஒயர் உட்பட, அந்தப் பெட்டி வழியாகவே போயிருக்க வேண்டுமாம். பெட்டியில் ஆன்டெனாவுக்குத் துளையே கிடையாது! அதற்கும் மேல், மின்னல் இயற்கைச் சீற்றம் என்பதால் சேராதாம். மின்னலுக்கும் சர்ஜுக்கும் இல்லையென்றால் பாதுகாப்புப் பெட்டி வேறு எதற்கு என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால், சர்ஜ் தடுப்புக் கருவிகளுக்கான யுஎல் 1449 அல்லது ஐஇசி 61643-11 தரக்குறி இருக்கிறதா, எத்தனை வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா, வேரிஸ்டர் போனால் விளக்கு அணையுமா அல்லது அவுட்புட்டே நிற்குமா என்று கேளுங்கள். வேரிஸ்டர் ஒவ்வொரு பெரிய சர்ஜிலும் கொஞ்சம் தேயும், ஆயுள் முழுக்க வராது. நியூட்ரல் விட்டுப்போய் வோல்டேஜ் ஏறி அப்படியே நிற்கிறபோது வேரிஸ்டரால் சமாளிக்க முடியாது, சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். அதற்கு வோல்டேஜ் எல்லை தாண்டினால் லைனையே வெட்டிவிடும் கட்-ஆஃப் தனியாக வேண்டும். இடி கிட்டத்தில் இடிக்கும் என்று தெரிந்தால், முன்கூட்டியே பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் கழற்றிவிடுவதுதான் வழி. மீட்டரோடு யாராவது வந்தால் அதைப் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் ஸ்பீக்கரில், உங்கள் காதுக்குக் கேட்கிற மாதிரி காட்டச் சொல்லுங்கள், திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பெட்டியை அவரிடமே விட்டுவிடுங்கள்.