காங்கேயம் காளையின் உடற்கூற்றுச் சுவர்ப்படம்: வாங்கலாமா?

கோவை டவுன்ஹால் பக்கத்துப் படக்கடை ஒன்றில் 450 ரூபாய்க்கு விற்கப்படும் இந்தச் சுவர்ப்படத்தில், காங்கேயம் காளையின் எலும்புக்கூடும் உள்ளுறுப்புகளும் அருகருகே இடம்பெற்றுள்ளன. திமிலை எலும்பில்லாத தசைத்திரளாகவே காட்டியிருக்கும் ஓவியர், 13 இணை விலா எலும்புகளையும், மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்களுக்குப் பதிலாகத் தடித்த ஈறு இருப்பதையும், இரைப்பையின் நான்கு அறைகளில் பெரியது இடப்பக்கத்தை அடைத்துக் கிடப்பதையும் பிசகின்றி வரைந்திருக்கிறார்.

நிறம்தான் உறுத்துகிறது. பொலிகாளையின் கழுத்திலும் திமிலிலும் படர வேண்டிய கருமை அச்சில் இல்லை. மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகிய எவரும் இதை முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

கால்நடை மருத்துவ மாணவர்கள் தயங்காமல் வாங்கலாம். பளபளப்புத் தாளில் விளக்கொளி பட்டுத் தசைநார்களின் மெல்லிய கோடுகள் மறைவதால், மங்கலான தாளில் அச்சிட்டதைக் கேட்டு வாங்குவது நல்லது.