எடை குறைக்கையில் ஸ்பகெட்டியா, கொன்ஜாக் மீயா?

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பல வீடுகளில் முதலில் வெளியேறுவது சோறு இல்லை, ஸ்பகெட்டிதான். சோற்றில் கை வைத்தால் பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். ஸ்பகெட்டி நேற்று வந்த சாமான், அதை நிறுத்தினால் பிள்ளைகளைத் தவிரக் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு ஸ்பகெட்டி என்பது பிள்ளைகள் போட்ட சட்டம், அதனால் நிறுத்துவதற்குப் பதில் மாற்று தேடினேன். கொன்ஜாக் மீ (ஒருவகைக் கிழங்கு மாவில் செய்யும் நூடுல்ஸ்), முழுக்கோதுமை, பருப்பு மாவில் செய்தது, காயைச் சீவி நூலாக்கியது என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கிடைத்ததையும் ஈப்போ போகும்போது வாங்கி வந்ததையும் சமைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சாதாரண ஸ்பகெட்டிக்கே வந்து நிற்கிறேன். அளவு குறைவு, காய்கறி அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். எடை மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு இல்லை, நான் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தாயிற்று.

முதலில் கலோரிக் கணக்கைச் சரி செய்துவிடுவோம், பாதிக் குழப்பம் இங்கேதான். காய்ந்த ஸ்பகெட்டி 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. வெந்ததும் தண்ணீரை இழுத்து எடை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும், அப்போது 100 கிராமில் 150, 160தான். கைப்பேசியில் கணக்குப் போடுகிறவர்களில் சிலர் வெந்ததை 200 கிராம் நிறுத்து, காய்ந்ததன் எண்ணால் பெருக்கி, 700 கலோரியா என்று அலறுகிறார்கள். இன்னும் சிலர் காய்ந்ததை நிறுத்து வெந்ததன் எண்ணைப் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். காய்ந்ததை நிறுங்கள், காய்ந்ததன் எண்ணையே போடுங்கள்.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி. 500 கிராம் பாக்கெட்டை வாங்கி வந்த அன்றே மேசையில் கொட்டி எட்டுக் கட்டாகப் பிரித்து ரப்பர் வளையம் மாட்டி வைத்துவிடுங்கள். ஒரேயடியாக எட்டாகப் பிரிக்கப் போனால் ஒன்று தடியாகவும் ஒன்று குச்சியாகவும் வரும். முதலில் இரண்டாக, அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டாக, திரும்பவும் இரண்டாக என்று போனால் கண்ணளவே போதும். ஒரு கட்டு 60 கிராமும் சொச்சமும், சுமார் 220 கலோரி, அதுதான் ஓர் ஆளுக்கு. முன்பெல்லாம் எங்கள் நாலு பேருக்கு ஒரு பாக்கெட் காலியாகும், அதாவது ஆளுக்கு 440. எதையும் மாற்றாமல், வெறும் ரப்பர் வளையத்தால் பாதி குறைந்துவிட்டது.

முழுக்கோதுமை ஸ்பகெட்டியில் கலோரி கிட்டத்தட்ட அதேதான், நார்ச்சத்து மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். வயிற்றுக்கு நல்லது, எனக்கும் பிடித்தது, பிள்ளைகள் தொடவில்லை. தனக்கு மட்டும் சமைக்கிறவர் தாராளமாக மாறலாம்.

பருப்பு, கடலை மாவில் செய்த பாஸ்தாவைக் கலோரி குறையும் என்று நம்பி வாங்காதீர்கள். அதுவும் 100 கிராமில் 330, 350 என்றுதான் வருகிறது. புரதம்தான் அதிகம், சாதாரண ஸ்பகெட்டியில் 12, 13 கிராம் என்றால் இதில் 20க்கு மேல் போகும். ஓரிரு முறைதான் சமைத்திருக்கிறேன், அதனால் என் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விலையைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. தினமும் பருப்பு வேகும் வீட்டில், ஒரு பிடி வெந்த கொண்டைக்கடலையைச் சாதாரண ஸ்பகெட்டியிலேயே கொட்டிக் கிளறினால் போதாதா?

சூஹூன் என்கிற கண்ணாடி நூடுல்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்கத் தெளிவாக இருப்பதாலோ என்னவோ, அது லேசான சாப்பாடு என்று நம்மில் பலர் நம்புகிறோம். பச்சைப்பயற்றின் மாவுச்சத்து மட்டும்தான் அது. புரதம் இல்லை என்றே சொல்லலாம், காய்ந்த நிலையில் கலோரி ஸ்பகெட்டிக்குச் சமம். அரிசி நூடுல்ஸான பீஹூனிலும் கலோரி இதே அளவுதான்.

காய்கறி நூல் எனக்குப் பிடித்த விஷயம், ஆனால் தனியாக இல்லை. எல்லோரும் சொல்லும் சுக்கினி கேமரன் மலையிலிருந்து இங்கே சந்தைக்கும் வருகிறது, 100 கிராமில் 17 கலோரிதான். ஆனால் சட்டியில் போட்ட இரண்டாவது நிமிடம் தண்ணீர் விட ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துச் சுண்ட வைத்த சாஸை நீர்த்துப் போகச் செய்துவிடும். அதைவிடக் கொல்லையில் நிற்கும் பப்பாளிக்காய் எவ்வளவோ மேல். நன்றாகப் பச்சையாக இருக்கும் காயின் தோலில் நீளவாக்கில் நாலு கீறல் போட்டுத் தலைகீழாக வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு தோல் சீவி, நீள நூலாகத் துருவி, உப்புப் போட்டுப் பிசறி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்து, கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி எடுத்தால் பல்லில் நறுக்கென்று நிற்கும். கலோரி 100 கிராமுக்கு 40ஐத் தாண்டாது. ஒரு கட்டு ஸ்பகெட்டியோடு இதை ஒரு பெரிய பிடி கலந்து சாஸையும் ஊற்றிவிட்டால் எது எது என்று என் சின்னவனுக்கே தெரியவில்லை, அவன் காய் என்றால் மோப்பம் பிடித்து ஒதுக்குகிறவன். வேலைதான் அதிகம். வேலைக்குப் போய் வந்து வார நாளில் இதைச் செய்ய என்னால் முடியாது.

இப்போது கொன்ஜாக் மீ. உண்மையான போட்டி இதற்கும் ஸ்பகெட்டிக்கும்தான், ஏனென்றால் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 200 கிராம் பாக்கெட் முழுவதும் சாப்பிட்டாலும் 20 கலோரி பக்கத்தில்தான். பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் சாப்பிடும் கொன்யாக்கு ஜெல்லி இருக்கிறதே, அதில் போடும் அதே கிழங்கின் மாவு. நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம். அதிலுள்ள குளுக்கோமானன் என்ற நார் தண்ணீரை ஏராளமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மீயில் 100க்கு 95 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான்.

பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு மீன் கவிச்சி வரும். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மாவைக் கட்டியாக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்க்கிறார்கள், அந்த நீரின் வாடை அது. குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து, எண்ணெய் இல்லாத சூடான சட்டியில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும்வரை புரட்டினால் வாடையும் போகும், ஈரமும் போகும். இதைச் செய்யாமல் நேராகச் சாஸில் போட்டவர்கள்தான் கொன்ஜாக்கைத் திட்டுகிறார்கள், அந்தத் திட்டில் பாதி நியாயமில்லை.

மீதிப் பாதி நியாயம். என்ன செய்தாலும் சாஸ் உள்ளே இறங்காது, நூல் வேறு சாஸ் வேறாகத்தான் தட்டில் கிடக்கும். தக்காளி சாஸுக்கு இது ஒத்தே வராது. கறி மீ, சூப், சம்பால் போட்டுப் பிரட்டியது, இவற்றில் நன்றாக இருக்கும். விலையும் இடிக்கிறது. நான் பார்த்தவரை ஓர் ஆளுக்கான பாக்கெட் ஐந்தாறு ரிங்கிட், நாலு பேருக்கு இருபதைத் தாண்டுகிறது, கிட்டத்தட்ட அதே ஐந்து ரிங்கிட்டுக்கு ஸ்பகெட்டி எட்டுக் கட்டு வருகிறது. அதுவும் எப்போதும் கிடைக்காது. எங்கள் பக்கத்து மளிகைக் கடைத் தம்பியிடம் கேட்டால், "அக்கா, இதைக் கேட்டு வர்றது நீங்க ஒருத்தர்தான், நான் யாருக்கு வாங்கிப் போடுறது?" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

விலை, வாடை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ராத்திரி பத்து மணி.

ஏழரைக்குச் சாப்பிடுகிறோம். வீட்டுக்காரர் ஆலையில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வரப் பதினொன்று ஆகிவிடும், அதுவரை வீடு விழித்திருக்கும். கொன்ஜாக் சாப்பிட்ட அன்று எட்டு மணிக்கு வயிறு முட்ட இருக்கும், அதில் சந்தேகமில்லை, ஆனால் பத்து மணிக்குக் கை தானாக பிஸ்கட் டின்னுக்குப் போகும். என் அண்ணியும் என்னோடு சேர்ந்துதான் எடை குறைக்கிறார், அவர் வீட்டிலும் அதே கதை. நாலு கிரீம் கிராக்கர், ஒரு பாக்கெட் மைலோ. கணக்குப் போடுங்கள்: கிராக்கர் ஒன்று 35, 40 கலோரி, நாலுக்கு 150 வைத்துக்கொள்வோம், பால் சீனியெல்லாம் சேர்த்து வரும் மைலோ பாக்கெட் ஏறக்குறைய 130. மொத்தம் 280. ஒரு கட்டு ஸ்பகெட்டிக்குப் பதில் கொன்ஜாக் சாப்பிட்டு மிச்சம் பிடித்தது 200தான். மிச்சமும் போய் மேலே 80 சேர்ந்துவிட்டது, சனிக்கிழமை ஸ்பகெட்டியும் போச்சு.

ஸ்பகெட்டி ஏன் தாங்குகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. துரம் என்ற கடினமான கோதுமையின் ரவையில் செய்வது. அதன் புரதம் வலை போல மாவுச்சத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டியைவிட ரத்தத்தில் சர்க்கரை நிதானமாக ஏறும். ஆனால் நாம் வேக வைக்கிற மாதிரி குழைய வேக வைத்தால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். மிச்சத்தை அது சாஸில் வேகட்டும்.

கொன்ஜாக்கிலும் கோழி, முட்டை நிறையப் போட்டால் பசி தள்ளிப்போகும் என்பதை மறுக்கவில்லை. ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் படுக்கிற பழக்கம் இருந்தால் என் வாதமே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, எனக்கு அது இல்லாததால் அனுபவத்திலிருந்து பேச முடியாது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, ஆகவே படிக்கிறவர்களில் பலர் மாத்திரை எடுப்பவர்களாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கிழங்கின் நார் மாத்திரை உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடியது, சர்க்கரையையும் இறக்கக்கூடியது. அடிக்கடி சாப்பிடுவதாக இருந்தால் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நூலைப் பற்றி இவ்வளவு பேசினாலும் தட்டில் அதிகக் கலோரி ஒளிந்திருப்பது சாஸில்தான். இங்கே கடைகளில் கார்போனாரா என்று தருவது கிரீமில் மிதப்பது. கெட்டி கிரீம் 100 மில்லியில் 340 கலோரி பக்கம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. 20 கலோரி கொன்ஜாக் மேல் அரை டப்பா கிரீமை ஊற்றிவிட்டு எடை குறையவில்லை என்று புலம்பி என்ன பயன்?

எங்கள் வீட்டு சாஸ் தக்காளியில் ஊறிய சார்டின் டின். பூண்டு, வெங்காயம், இரண்டு சிலி பாடி (காரமான குட்டி மிளகாய்), ஒரு தேக்கரண்டி எண்ணெய், இரண்டு தக்காளி, அப்புறம் டின்னை அப்படியே கவிழ்த்து மீனை உடைத்துவிட வேண்டியது. டின்னிலேயே உப்பு இருக்கிறது, நீங்கள் போட வேண்டாம். கடைசியில் முட்டைக்கோசும் பயற்றங்காயும் மெல்லிசாக அரிந்து போட்டு, வடித்த ஸ்பகெட்டியைச் சேர்த்து, வேகவைத்த தண்ணீரிலிருந்து அரைக் கரண்டி ஊற்றிப் பிரட்டினால் சாஸ் நூலோடு ஒட்டிக்கொள்ளும், கிரீம் தேவையே இல்லை. சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரோ கணக்கு, அதாவது தட்டில் கால் பங்கு மாவு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய் பழம், அது இதில் தானாக வந்துவிடுகிறது. ஒரு கட்டு என்றால் தட்டு காலியாகத் தெரியுமே என்று பயந்தேன், காய் சேர்ந்ததும் முன்பைவிட நிறைந்துதான் தெரிகிறது.

கொன்ஜாக்கை நான் அடியோடு விடவில்லை. கறி மீ ஆசை வந்தால் அரைக் கட்டு ஸ்பகெட்டியும் அரைப் பாக்கெட் கொன்ஜாக்கும் கலந்து குழம்பில் போடுகிறேன், 120 கலோரிக்குள் பெரிய கிண்ணம் மீ, குழம்பின் தேங்காய்ப்பால் கணக்கு தனி. நீங்களும் வாங்குவதாக இருந்தால் ஈப்போவில் மலிவாகப் பார்த்தவுடன் பத்துப் பாக்கெட் வாங்கி ஃப்ரீசரில் அடைக்காதீர்கள். உறைந்து இளகினால் தண்ணீர் பிரிந்து, கடிக்க முடியாத சவ்வாகிவிடும். அலமாரியில் வெயில் படாமல் வைத்தாலே பாக்கெட்டில் போட்ட தேதிவரை இருக்கும்.