டொராண்டோ வரை துணைக்கு வந்த தம்பி: பயண எஸ்கார்ட் சேவை பற்றி என் அனுபவம்

எனக்கு 73 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 31 வருஷம் சூப்பர்வைசராக வேலை பார்த்தவன். வீடு வேலூர் சத்துவாச்சாரி. ஆறு வருஷமாகப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) இருக்கிறது. மனைவி போன பிறகு, கனடாவில் இருக்கும் மகள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன மே மாதம்தான் கிளம்பினேன். கூட வந்தவர் ஒரு ஏஜென்சி அனுப்பிய ஆண் எஸ்கார்ட். ஏஜென்சிக்காரர்கள் 'மெடிக்கல் எஸ்கார்ட்' என்பார்கள். எங்கள் தெருவில் 'கூடப் போற ஆளு'.

ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. அவர்கள்மேல் எனக்குச் சில குறைகள் உண்டு, அவற்றை அவர்களிடமே சொல்லிவிட்டேன். ஆனால் இப்படி ஒரு சேவை தேவைப்படும் பெரியவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்தச் செலவு தேவையில்லை. டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டால் விமானக் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கும். அதிலும் மூன்று வகை உண்டு. படி ஏற முடியும், தூரம்தான் நடக்க முடியாது என்றால் ஒன்று. படியும் ஏற முடியாது என்றால் இன்னொன்று. சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்றால் மூன்றாவது. எது வேண்டும் என்று சரியாகச் சொல்லிவிட்டால் போதும். என் கஷ்டம் வேறு. விமானத்தில் இருக்கும் பணிப்பெண்கள் டாய்லெட் கதவு வரைக்கும்தான் கூட்டிப்போவார்கள். உள்ளே வந்து உதவி செய்வது அவர்கள் வேலை இல்லை. எனக்கு உதவி வேண்டியதே அந்தக் கதவுக்கு உள்ளேதான்.

மகளே வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். அவளுக்குப் போக வர டிக்கெட், இரண்டு வாரம் லீவு, சின்னக் குழந்தை வேறு. அதனால் எஸ்கார்ட் என்று முடிவானது. ஏஜென்சிக் கட்டணம் 70,000 ரூபாய். அது போக, வருபவருடைய போக வர டிக்கெட் நம் செலவு, அது 1,18,000 ஆனது. பெரிய பணம்தான். மருமகன் கொடுத்தார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வருபவர் கையில் அந்த நாட்டு விசா ஏற்கெனவே இருக்க வேண்டும். எனக்குப் பெற்றோருக்கான சூப்பர் விசா வாங்கியிருந்தாள் மகள். அதில் ஒரே தடவையில் 5 வருஷம் வரை தங்கலாம், ஆனால் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். துணைக்கு வருபவர் வைத்திருப்பது சாதாரண விசிட்டர் விசா. கனடா விசா உள்ளவர்கள் அந்த ஏஜென்சியில் மூன்றே பேர். அதனால் 'ஆள் அவைலபிள், நீங்கள் பணத்தைக் கட்டிவிடுங்கள்' என்று அவசரப்படுத்தினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு இருபது மணி நேரம் என் உடம்பைத் தொடப்போகிறவரை முன்னாடியே நேரில் பார்க்க வேண்டும் என்றேன்.

முதலில் ஒருவர் வந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து என் பக்கத்து வீட்டுக்காரரிடமே எல்லாம் கேட்டார். சாப்பாடு என்ன, தூக்கம் எப்படி, மறதி உண்டா. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எனக்குக் கை நடுங்குகிறது, குரல் இறங்கிவிட்டது. புத்தி சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவதாக வந்தவர் ஆரணிப் பக்கத்துப் பையன். வயது முப்பதுக்கு மேல் இருக்கும், ஆண் நர்ஸ். ஸ்டூலை இழுத்து எனக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, பாத்ரூம்ல எதெல்லாம் நீங்களே செய்வீங்க? எதுக்கு நான் உள்ள வரணும்?" என்று கேட்டார். இந்த ஆறு வருஷத்தில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. உறவுக்காரர்கள் எல்லாம் ஒன்று சும்மா விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் நான் செய்யக்கூடியதையும் பிடுங்கிச் செய்துவிடுவார்கள். நான் யோசித்துச் சொன்னேன். பொத்தானும் ஜிப்பும் என்னால் ஆகாது, திரும்பி உட்காருவது கஷ்டம், எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும், மற்றது நானே. அவர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

கிளம்புவதற்குள் இரண்டு தடவை வந்து ஒத்திகை பார்த்தார். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் ஒன்றரை அடி விட்டு, "இதுதான் நடை வழி, இதுல வாங்க" என்றார். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இது தெரியும். வாசற்படி, குறுகலான இடம், திரும்பும் இடம் வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நட என்று மனசு சொல்லும், கால் கேட்காது. ஆனால் எதிரே ஒரு கோடோ, தாண்ட வேண்டிய பொருளோ இருந்தால் அதே கால் தூக்கி வைத்துவிடும். இவர் தன் பாதத்தை என் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, "என் காலைத் தாண்டுங்க" என்பார். தாண்டிவிடுவேன். டொராண்டோ போய்ச் சேரும்வரை எத்தனை தடவை அந்தக் காலைத் தாண்டினேனோ கணக்கில்லை.

மருந்து விஷயத்திலும் அவர் கணக்கு தெளிவாக இருந்தது. எனக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை லீவோடோபா மாத்திரை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், டொராண்டோ மே மாதத்தில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். கடிகாரத்தை மாற்றிக்கொண்டே போனால் மாத்திரை குழம்பிவிடும். தன் கைக்கடிகாரத்தை வேலூர் நேரத்திலேயே வைத்துக்கொண்டு 6, 10, 2 என்று கொடுத்தார். சிக்கன், பருப்பு, பால் மாதிரி புரதச் சாப்பாடு கூடவே போனால் இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. தட்டு வந்தால் முக்கால் மணி நேரம் கழித்துத் தரச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் பேசிவைப்பார். சி.எம்.சி. நியூராலஜி டாக்டர் கொடுத்த கடிதம், மருந்துச் சீட்டு, விமானக் கம்பெனி கேட்ட மருத்துவப் படிவம் எல்லாம் ஒரே ஃபைலில். மாத்திரையில் பாதி என் கைப்பையில், பாதி அவர் பையில். முதுகு வலிக்கு வைத்திருந்த டிராமடாலைப் பார்த்ததும், துபாய் வழியாகப் போகிறோம், அங்கே இதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை எழுதி வாங்கச் சொன்னார். பேத்திக்கு வாங்கிய ஆற்காடு மக்கன் பேடாவைக்கூடப் பெரிய பெட்டிக்கு மாற்றினார். பாகு இருக்கிறது, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள் என்றார்.

இனி ஏஜென்சியின் தவறு. எனக்கும் அவருக்கும் டிக்கெட்டைத் தனித்தனி பி.என்.ஆரில், அதாவது வேறு வேறு முன்பதிவு எண்ணில், போட்டிருந்தார்கள். சென்னை செக்-இன்னில்தான் தெரிந்தது, நான் 24வது வரிசை, அவர் 31. துணைக்கு வருகிறவர் ஏழு வரிசை பின்னால் இருந்தால் எதற்குத் துணை? அவர் கவுன்டரில் அரை மணி நேரம் நின்று பேசி, டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நடைவழி ஓர சீட் எனக்கும் அடுத்தது தனக்குமாக வாங்கினார். இன்னும் பெரிய ஆபத்து ஒன்று அதில் இருந்தது. முதல் விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். துபாயில் அடுத்ததைத் தவறவிட்டிருந்தால், தனித்தனி பி.என்.ஆர். என்பதால் எங்களை வேறு வேறு விமானத்தில் ஏற்றியிருக்கலாம். நல்லவேளை, பிடித்துவிட்டோம். பணம் கட்டும் முன் இரண்டு பேருக்கும் ஒரே பி.என்.ஆர்.தானா என்று கேட்டு, டிக்கெட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

துபாயிலிருந்து டொராண்டோ ஏறக்குறைய 14 மணி நேரம். உள்ளே காற்று ஊட்டி உயரத்துக் காற்று போல லேசாக இருக்கும், அதோடு கடுமையான வறட்சி. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் கட்டும் ஆபத்து கூடும், தண்ணீரும் குடிக்காவிட்டால் எப்படி என்று, இறுக்கக் காலுறையைச் சரி செய்து, கணுக்காலைச் சுற்றச் சொல்லி, மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் கொடுத்தார்.

அடுத்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தச் சேவை எதற்கு என்றே உங்களுக்குப் புரியாது. எட்டாவது மணி நேரமோ ஒன்பதாவதோ, விமானம் குலுங்க ஆரம்பித்தது. பெல்ட் விளக்கு நாற்பது நிமிஷம் அணையவில்லை. எனக்கு அடக்க முடியவில்லை. டயப்பர் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார், நான் மறுத்துவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. நனைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் கம்பளியை எடுத்து என் மடியில் போட்டார். விளக்கு அணைந்ததும், "வாங்க நைனா, கொஞ்சம் நடக்கலாம்" என்றார்.

நைனா என்று என் மகள் கூப்பிடுவாள். வீடியோ காலில் அவள் கூப்பிட்டதைக் கேட்டவர், அதுவரை ஐயா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாய்லெட் வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. "இன்னா நைனா, ஒட்டிக்கிச்சா? இந்தா என் கால்." தாண்டினேன். உள்ளே இரண்டு பேர் நிற்க இடமே இல்லை. கதவைப் பாதி திறந்து, தன் முதுகால் வெளியே மறைத்துக்கொண்டு, நோட்டில் எழுதியிருந்த அதே வரிசையில் செய்தார். நான் செய்யக்கூடியதை அப்போதும் என்னிடமே விட்டார். அவர் பையில் எனக்குக் கறுப்பு பேன்ட் ஒன்று, டயப்பர், ஈரத் துண்டு, ஜிப் கவர், சீட்டில் விரிக்க ரப்பர் ஷீட் எல்லாம் இருந்தன. நான் மறுத்த பிறகும் எடுத்து வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டோம். பக்கத்தில் ஒருவர்கூட விழிக்கவில்லை. டொராண்டோவில் என் மகள், "பயணம் எப்படி இருந்தது?" என்று அவரிடம்தான் முதலில் கேட்டாள். "நல்லா தூங்கினார்க்கா" என்றார். நான் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

அவரை அதே நாள் இரவு விமானத்தில் திருப்பி அனுப்ப டிக்கெட் போட்டிருந்தது ஏஜென்சி. தங்க இடம் கிடையாது, ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்துவிடுவாராம். கட்டணமாக நாம் கொடுத்த 70,000த்தில் அவருக்குப் போவது எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதினால் அவர் வேலைக்குத் தொந்தரவு, ஆனால் என் மகள் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிவந்து குளிக்க வைத்து, ரசம் சாதம் போட்டு, ஐந்து மணி நேரம் தூங்க வைத்தோம். மருமகன் கடைக்குக் கூட்டிப்போய் அவர் பிள்ளைக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். 'டிப்ஸ் கொடுக்கக் கூடாது' என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள். மகள் ஒரு கவரைக் கொடுத்தாள். இரண்டு தடவை மறுத்தார், மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். எஸ்கார்ட் வைத்துக்கொள்கிறவர்கள், அவர் திரும்புவதற்கு முன் ஒரு ராத்திரியாவது படுக்க இடம் உண்டா என்று முதலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பதினெட்டு மணி நேரம் தூங்காமல் நம்மைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

ஒரு வாரம் கழித்து ஏஜென்சியிலிருந்து ஒரு பில் வந்தது. விமானம் தாமதமானதற்கு 'வெயிட்டிங் சார்ஜ்' 6,000 ரூபாய். அது அந்தத் தம்பிக்குப் போகுமா என்று கேட்டேன். பதில் இல்லை. கட்டவில்லை, இனியும் கட்டமாட்டேன்.

எல்லாம் சேர்த்துக் கேட்டால், ஏஜென்சிக்கு ஐந்தில் இரண்டுதான் கொடுப்பேன். தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து. நவம்பரில் ஊர் திரும்புகிறேன். மறுபடி எஸ்கார்ட் வேண்டும் என்றதும், 'எந்த ஸ்டாஃப் ஃப்ரீயாக இருக்கிறாரோ அவரை அனுப்புவோம்' என்றார்கள். அதே ஆள் வந்தால்தான் அட்வான்ஸ், இரண்டு பேருக்கும் ஒரே பி.என்.ஆர்., இங்கே அவருக்கு ஒரு ராத்திரி தங்கல் என்று மூன்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். நேற்றுதான் சரி என்று பதில் வந்தது.

ராத்திரி அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "நைனா, நவம்பர்ல அங்க ரொம்ப குளிருமாமே. வேலூர்ல கிடைக்கிற ஸ்வெட்டர் தாங்குமா?" மருமகனுடைய பழைய ஜாக்கெட் ஒன்றைத் துவைத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளமாக இருக்கும், பரவாயில்லை.