பால்மாவா பிஎஸ்ஏயா? புளொக்கிங்குக்கு நான் எதை வைத்துக்கொண்டேன்

வெஸ்டர்ன் புளொட், எலைசா இரண்டும் பிறபொருளெதிரியை வைத்து ஒரு புரதத்தைத் தேடுகிற ஆய்வுகூட முறைகள். அவற்றில் வெற்றிடங்களை மூட, அதாவது புளொக்கிங் செய்ய, நான் முதலில் பாவித்தது கடையில் வாங்கிய கொழுப்பு நீக்கிய பால்மாதான். இப்போது பிஎஸ்ஏக்கு, அதாவது மாட்டு இரத்த நீர்ப்பாயத்திலிருந்து பிரித்தெடுக்கிற அல்புமினுக்கு, மாறிவிட்டேன். யாழ்ப்பாணத்து வெயிலையும் கரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன், வேறு இடத்தில் கணக்கு மாறலாம்.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். புரதம் ஏற்றிய மென்சவ்விலோ எலைசாத் தட்டிலோ வெறுமையாகக் கிடக்கிற இடங்களை மூடிவிட்டால் பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாமல் தேடுகிற புரதத்தில் மட்டும் பிடிக்கும். விலையில் பால்மாவை அடிக்க முடியாது. பிஎஸ்ஏ கொழும்பிலிருந்து வந்து சேரவே நாட்கள் எடுக்கும். சரி, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என்னை மாற்றியது பழுதாகாமல் வைத்திருக்கிற விஷயம். தேடுகிற புரதத்தில் நேரே பிடிக்கிற முதலாம் பிறபொருளெதிரி பெரும்பாலும் 100 மைக்ரோலீற்றர் அளவிலான சின்னக் குப்பியில்தான் வரும். ஆயிரத்தில் ஒன்றாக 10 மில்லிலீற்றர் கரைத்தால் ஒரு தடவைக்கு 10 மைக்ரோலீற்றர் போய்விடும், ஆக மொத்தம் பத்துப் புளொட்டோடு குப்பி காலி. கரைத்ததை எடுத்து வைத்து நாலு தடவை பாவித்தால் அதே குப்பி நாற்பதுக்கு வரும். பால்மாவில் கரைத்ததை அப்படி நம்பி வைக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில், காலையில் பிரிட்ஜைத் திறந்த தங்கச்சி ஒருத்தி "அக்கா, போத்தல் புளிச்சு மணக்குது" என்று நீட்டினாள். அடியில் தயிர் போலத் திரண்டிருந்தது. அதற்குள் கரைந்து கிடந்த பிறபொருளெதிரியை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது முதலாம் பிறபொருளெதிரியை 3 வீத பிஎஸ்ஏயில் கரைத்து, கிருமி வளராமல் இருக்க 0.02 வீதம் சோடியம் ஏசைட் போட்டு, குழாயில் திகதி எழுதி 4 பாகையில் வைக்கிறேன். புளொட்டில் புரதம் காட்டுகிற பட்டை மங்கத் தொடங்கும் வரை அதையே திரும்பத் திரும்ப எடுப்பேன். ஏசைட் போடாத பிஎஸ்ஏயும் பழுதாகும், அதனால் புளொக்கிங் கரைசலை வடிகட்டிச் சின்னச் சின்னப் பங்காக உறைய வைத்துவிடுவேன். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்: ஏசைட், பட்டையைக் கண்ணுக்குக் காட்ட உதவுகிற எச்ஆர்பி நொதியத்தை முடக்கிவிடும், ஆகவே முதலாவதில் போய்ப் பிடிக்கிற, எச்ஆர்பி பூட்டிய இரண்டாம் பிறபொருளெதிரிக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. செம்பு, ஈயக் குழாய் உள்ள தொட்டியிலும் ஊற்றக் கூடாது, அந்த உலோகங்களோடு சேர்ந்து வெடிக்கக்கூடிய சேர்வையாக மாறும்.

பிஎஸ்ஏ தூளைக் கரைக்கிறதில் ஒரு பக்குவம் இருக்கிறது. அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை பொங்கி, நடுவில் காய்ந்த கட்டி நின்றுவிடும். தாங்கற் கரைசலின் மேல் தூளைத் தூவிவிட்டுப் பேசாமல் அரை மணி நேரம் விடுங்கள், மஞ்சள் சாயலோடு தானே நனைந்து இறங்கும்.

பொஸ்பேற் ஏறிய புரதத்தைத் தேடுகிறவர்களுக்கும் பிஎஸ்ஏதான் சொல்வார்கள், பாலில் இருக்கிற கேசீனே பொஸ்பேற் ஏறிய புரதம் என்பதால். அந்த வேலை நான் இரண்டு மூன்று தடவைதான் செய்தேன், எனக்குப் பின்னணி, அதாவது தேவையில்லாத இடத்தில் வருகிற கறை, குறைந்தே வந்தது, அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். பயோட்டின் என்ற விற்றமினை அடையாளமாகப் பூட்டுகிற முறைக்குப் பால் ஒத்துவராது, பாலிலேயே பயோட்டின் இருக்கிறது. ஆனால் சாதாரணப் புளொட்டில் பின்னணி துப்புரவாக வருவது சில வேளை பால்மாவில்தான், அதை மறைக்கக் கூடாது. இன்னொன்று, மலிவான பிஎஸ்ஏயில் மாட்டின் ஐஜிஜி, அதாவது மாட்டின் சொந்தப் பிறபொருளெதிரி, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டுப் பிறபொருளெதிரிக்கு எதிரான இரண்டாம் பிறபொருளெதிரியைப் பாவித்தால் அதுவும் அந்த ஐஜிஜியில் போய்ப் பிடிக்கும். அந்த வேலைக்கு ஐஜிஜி நீக்கியதைத்தான் வாங்க வேண்டும். புளொக்கிங்குக்கு மீன் ஜெலற்றினை ஒரே ஒரு தடவைதான் தொட்டேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

அப்புறம், பிஎஸ்ஏ ஒரு வேலையோடு நிற்பதில்லை. சாயம் போட்டு நிறத்தைப் பார்க்கிற பிராட்போர்ட் முறையில் புரதம் அளக்க, ஒப்பிடுகிற நியமமாக அதையே எடுக்கலாம், மற்றப் பல புரதங்களைவிட அது அந்தச் சாயத்தோடு கூடுதலாக நிறம் காட்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனையோலையிலிருந்து எடுத்த டிஎன்ஏயில் பொலிபீனோல் என்ற தாவரச் சேர்வைகள் மிஞ்சி, டிஎன்ஏயைப் பிரதியெடுத்துப் பெருக்குகிற பிசிஆர் ஓடாமல் நின்ற நாளில், ஒரு மைக்ரோலீற்றருக்கு 0.4 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ சேர்த்ததும் பட்டை வந்தது. பிசிஆருக்கு மூலக்கூற்று உயிரியல் தரத்தில் வருகிறதை எடுங்கள், புளொக்கிங் தூளை எடுக்க வேண்டாம்.

பால்மா பைக்கற் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மாணவர்களின் செய்முறை வகுப்பில், பிறபொருளெதிரி வலுவாக இருந்து அன்றைக்கே எல்லாம் கொட்டப்போகிற நாளில் அதைத்தான் எடுக்கிறேன்.