மிட்வே கப்பல் அருங்காட்சியகம், சான் டியாகோ: முதலில் மேல்தளத்துக்கு ஏறுங்கள்

பஸ் டிப்போவில் ப்ரேக் வேலை பார்த்தே சர்வீஸை முடித்தவன் நான். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், "இது உங்களுக்குப் பிடிக்கும் மாமா" என்று மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். 1945 முதல் 1992 வரை ஓடிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் இது.

கீழ்த்தளத்து விமானங்களிலேயே பொழுதைக் கழித்துவிடாதீர்கள். முதலில் மேலே ஏறுங்கள். பழைய கடற்படை விமானிகள் அங்கே நின்று விளக்கம் சொல்கிறார்கள். டிக்கெட் காசு அதற்கே சரியாகப் போய்விடும்.

மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் ஜெட், நூறு மீட்டர் சுமாருக்குள், இரண்டு மூன்று நொடியில் நின்றாக வேண்டும். சக்கர ப்ரேக்கால் ஆகிற காரியமா? வாலடியில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கிடக்கும் இரும்பு வடத்தைக் கவ்வ வேண்டும். வடத்தின் மறுகோடி தளத்துக்கு அடியில் ஹைட்ராலிக் இயந்திரத்தில் இருக்கிறது. வேகத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது அதுதான். சக்கரம் தொட்ட உடனே பைலட் எஞ்சினை முழுசாக முடுக்குவாராம்! கொக்கி தவறினால் மறுபடி எழும்ப வேறு வழியில்லை. ப்ரேக் பிடிக்கிற நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற டிரைவரை எங்கள் டிப்போவில் கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி எழும்ப வழிவிட்டுத்தான் 1950களில் ஓடுதளத்தை இடப்பக்கம் கோணலாக மாற்றியிருக்கிறார்கள். அதிலும் ஒரு தொல்லை: கப்பல் முன்னே போகப் போக, இறங்குகிறவருக்கு ஓடுதளம் வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும்.

ஹெலிகாப்டர் அப்படியே இறங்கிவிடலாமே என்று கேட்டேன். விளக்கம் சொன்ன விமானி சிரித்தார். ஆடுகிற தளத்தில் இறங்கினதும் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். விசிறி மெதுவாகச் சுற்றும் நேரத்தில் பலமான காற்றடித்தால், அதன் இறக்கை வளைந்து ஹெலிகாப்டரின் உடம்பிலேயே அடித்துவிடும். உப்புக்காற்று அரிப்பு தனி.

1975 ஏப்ரல் கடைசியில் தென் வியட்நாம் மேஜர் புவாங் லீ, மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு நாட்டைவிட்டுத் தப்பி, இந்தக் கப்பலைச் சுற்றிவந்து, இடம் கேட்டுச் சீட்டு எழுதிப் போட்டார். கொக்கியே இல்லாத விமானம். வடங்கள் இருந்தால் அதற்குத் தடைதான். கேப்டன் சேம்பர்ஸ் வடங்களைக் கழற்றச் சொல்லி, தளத்தில் இடம் உண்டாக்க ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளவைத்து, கப்பலைக் காற்றுக்கு எதிராக விரட்டினார். பத்திரமாக இறங்கினார்கள்.

குறை என்றால், துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற கப்பலில் அந்த ஆட்டம் நமக்குத் தெரியாது. கீழ்த்தளங்களுக்குப் போகும் ஏணிப்படிகள் செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மேலே வெயில் நேராக அடிக்கும், தொப்பி அவசியம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.