தொழுவத்துக்குக் கரண்ட்: மேலே கட்டவா, தோண்டிப் புதைக்கவா?

எங்கள் வீட்டிலிருந்து மாட்டுத் தொழுவம் 180 அடி தள்ளி இருக்கிறது. திருநெல்வேலி மானூர்ப் பக்கம், கரிசல் மண். முதல் மூன்று வருஷம் மேலே கம்பி கட்டி ஓட்டினேன், அப்புறம் கேபிளைப் புதைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் சோலார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியாக இழுத்துப் போடுகிற நாலாவது வழியும் ஊரில் உண்டு. அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மேலே கட்டுவது சல்லிசு. இரண்டு போஸ்ட், இழுத்துக் கட்டிய ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), அதோடு சேர்த்துக் கட்டிய சர்வீஸ் வயர். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஆனால் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே ஆடிக் காற்று நம் வயரையும் விடாது. ஓட்டு விளிம்பில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்துவிட்டது. உள்ளே இருக்கிற செம்பு ஜி.ஐ. கம்பியைத் தொட்டால் அந்தக் கம்பி முழுக்க கரண்ட். நம் வீடுகளில் கம்பி என்று ஒன்று கண்ணில் பட்டால் அதில் சேலை காயப்போடாமல் இருக்க மாட்டார்கள். வைக்கோல் டிராக்டர் வந்து போகிற பாதை என்றால் 15 அடிக்கு மேலேதான் கட்ட வேண்டும்.

அதைவிட நான் செய்த பெரிய தப்பு வயர் சைஸ். பல்புக்குத்தானே என்று 1.5 ஸ்கொயர் (உள்ளே இருக்கிற கம்பியின் கனம், சதுர மில்லிமீட்டரில்) போட்டேன். பிறகு சோளத்தட்டை வெட்ட 1 எச்.பி. மெஷின் வந்தது. ஸ்டார்ட் ஆகும்போது அது 30 ஆம்பியர் வரை இழுக்கும். போய்வர 360 அடி வயரில் 40 வோல்ட் போய்விடும். சாயங்காலம் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 160. உர்ரென்று உறுமிவிட்டு நின்றுபோகும். செம்பில் 4 ஸ்கொயர் போட்டால் அந்த இழப்பு 15 வோல்ட்டோடு முடியும். அலுமினியம் என்றால் 6 ஸ்கொயர் வேண்டும்.

புதைப்பதில் காசு கேபிளைவிடக் குழிக்குத்தான் கரைந்தது. இரண்டரை அடி ஆழம் வேண்டும், எங்களுக்கோ இரண்டடியிலேயே சுக்கான் பாறை தட்டிவிட்டது. ஆனாலும் விடாமல் கொத்தி, அடியில் மணல் போட்டு, ஆர்மர்டு கேபிளை விரித்து, மேலே இன்னொரு பரத்தல் மணலும் செங்கல் வரிசையும் வைத்து மூடினோம். உடம்பில் இரும்புக் கம்பி சுற்றிய கேபிள் என்பதால் பெருச்சாளிக்குப் பல் இறங்காது. ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் ஜாயின்ட் இருக்கக்கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் குழித்தடத்தின் மேல் முழங்கால் தண்ணீர் நின்றது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றிப் புதைத்திருந்த உறவுக்காரர் வீட்டில் ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது.

எந்த வழியில் கொண்டுபோனாலும் தொழுவத்துக்குத் தனி எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே கட் பண்ணிவிடுகிற சுவிட்ச்) கட்டாயம். எங்கள் ஒயர்மேன் சொன்னது: "மாட்டுக்கு நாலு காலு அண்ணாச்சி, செருப்பும் கிடையாது, ஈரத்துல நிக்கு. நமக்குச் சுருக்குன்னு போற கரண்டு அதைச் சாச்சுப்புடும், பாத்துக்கிடுங்க." அவர் சொன்னது சரிதான். முன்கால் பின்கால் இடைவெளி அதிகம் என்பதால் தரையில் கசிகிற கரண்ட் மாட்டின் உடம்பு வழியாகவே பாயும். கோடையில் கரிசல் வெடித்து எர்த் கம்பியைச் சுற்றிக் காய்ந்துவிடும். மாடு குளிப்பாட்டுகிற தண்ணீர் அந்தப் பக்கம் வடிகிற மாதிரி இடம் பார்த்து அடித்தோம்.

சோலார்? இரண்டு பல்பும் போன் சார்ஜும் போதும் என்றால் குழியும் வேண்டாம், போஸ்ட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டை வெட்டும் மெஷினைச் சின்ன பேனலும் பேட்டரியும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மூடாப்புப் போட்டால் பல்பும் மங்கிவிடும். வைக்கோல் படப்புப் பக்கம் மட்டும் நானும் சோலார் விளக்குதான் வைத்திருக்கிறேன். வைக்கோலுக்கு அருகே 230 வோல்ட் வயரைக் கொண்டுபோக மனசு வரவில்லை.